பொற்கிழியும் பல்லாண்டும்

ஆனி ஸ்வாதியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் திருவவதரித்த விஷ்ணுசித்தர், வடபெருங்கோயிலுடையானுக்கு நந்தவனம் அமைத்துத் திருமாலை கட்டிச் சமர்ப்பிப்பதையே கைங்கர்யமாகக் கொண்டிருந்தார். அக்காலத்தில் மதுரையை ஆண்ட ஸ்ரீவல்லபதேவ பாண்டியன், மறுமைக்குத் துணையான பரதெய்வம் யார் என்று அறிய விரும்பினான். செல்வநம்பியின் சொற்படி பொற்கிழியைக் கட்டித் தொங்கவிட்டு வித்வான்களை அழைத்தான்.

அங்கே சென்று பரத்வத்தை நிலைநாட்டும்படி எம்பெருமான் விஷ்ணுசித்தரைக் கனவில் நியமித்தான். சாஸ்திரம் கல்லாத, கொட்டுப் பிடித்துத் தழும்பேறிய கையை உடைய தாம் எதைச் சாதிக்க முடியும் என்று அவர் பின்வாங்கினார். சபையில் இருந்த வித்வான்களும் அவரைக் கல்லாதவர் என்றே ஆக்ஷேபித்தனர். சொல் ஒன்றே, அவர் சொன்னபோது அது நைச்யம், பிறர் சொன்னபோது அவமதிப்பு. உள்ளத்தை அறிந்தவன் எம்பெருமான் ஒருவனே. அவன் அருளால் ஆழ்வார் வேத, ஸ்ம்ருதி, இதிஹாஸ, புராண ப்ரமாணங்களைக் கொண்டு ஸ்ரீமந்நாராயணனே பரதெய்வம் என்று நிர்ணயிக்க, கிழி தானே தாழ வளைந்தது.

மன்னன் அவருக்குப் பட்டர்பிரான் என்று பட்டம் சூட்டி, யானைமேல் ஏற்றி நகர்வலம் செய்வித்தான். அதைக் காணப் பெருமாள் பிராட்டியுடன் கருடன்மேல் எழுந்தருளினான். அனைவரையும் காப்பவன் அவனே என்று சற்றுமுன் நிறுவியவர், அவ்வழகுக்குக் கண்ணெச்சில் படுமோ என்று அஞ்சினார். யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு 12 பாசுரங்களால் பல்லாண்டு பாடினார்.

ப்ரமாணம் எம்பெருமானின் பெருமையைக் காட்டியது. பரிவு ஆழ்வாரின் ஸ்வரூபத்தைக் காட்டியது. கிழியறுத்த வெற்றியால் அன்றி, இப்பரிவாலேயே அவர் பெரியாழ்வார் எனப் பெயர் பெற்றார் என்பதை மணவாள மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் அறுதியிட்டார். வாதத்தில் வெல்லும் நாமும், வென்றபின் நம் நெஞ்சு யாரை நினைக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம்.