ஜோன் லொக்: மூன்று நாடுகள் கண்ட அறிஞர்

1632 இல் இங்கிலாந்திற் பிறந்த ஜோன் லொக், ஒக்ஸ்போட்டிற் கிரேக்கம் கற்பித்தவர். 1675 இல் பிரான்சு சென்ற அவர், புரட்டஸ்தாந்தரின் ஆலயங்கள் இடிக்கப்படுவதைத் தம் குறிப்பேட்டிற் பதிந்தார். 1598 இல் நாலாம் ஹென்றி அவர்களுக்களித்த உரிமைச் சாசனத்தை, 1685 இல் அவன் பேரன் பதினாலாம் லூயி நீக்கினான். பாட்டன் கொடையைப் பேரன் பறித்தான்.

அவ்வேளை லொக் ஒல்லாந்திற் புகலடைந்திருந்தார். பல சபையார் அங்கே அயலவராய் வாழக் கண்டார். வழிபாட்டில் அரசுக்கு அதிகாரமில்லை என நிறுவும் நிருபத்தை இலத்தீனில் எழுதினார்; 1689 இல் அது பெயரின்றி வெளிவந்தது.

அவ்வாண்டு இங்கிலாந்து இயற்றிய சட்டம், அரச திருச்சபையிற் சேராத புரட்டஸ்தாந்தருக்கு வழிபாட்டுரிமை தந்தது; கத்தோலிக்கருக்கு மறுத்தது. லொக்கும் அயல்மன்னனுக்குப் பணியும் சபையினரையும் நாத்திகரையும் விலக்கியே எழுதியிருந்தார். நூல் தமதென்பதை, 1704 இல் மறைந்தபோது விட்டுச்சென்ற மரண சாசனத்திலேயே ஒப்பினார். அவர் தந்த அளவுகோலால் அவரையும் அளத்தல் கற்பிப்போர் கடன்.