உடுப்பைக் கழற்றிய போலீஸ் அதிகாரி

'விலங்குப் பண்ணை' என்ற நாவலை எழுதி உலகப் புகழ் பெற்றவர் ஜார்ஜ் ஆர்வெல். பேனா பிடிக்கும் முன்பு அவர் துப்பாக்கி பிடித்தவர்! பர்மாவில் 5 ஆண்டுகள் போலீஸ் அதிகாரியாக இருந்தார். அந்த 5 ஆண்டுகளும் அவர் மனதை வாட்டி எடுத்துவிட்டன.

பீகாரில் பிறந்தவர்

ஆர்வெலின் சொந்தப் பெயர் எரிக் பிளேர். 1903-ம் ஆண்டு பீகாரில் உள்ள மோத்திஹாரியில் பிறந்தார். தகப்பனார், வெள்ளைக்கார சர்க்காரின் அபினி இலாகாவில் அதிகாரி. கைக்குழந்தையாக இருந்தபோதே தாயார் அவரை இங்கிலாந்துக்குக் கொண்டு போய்விட்டார்.

படிப்பு முடிந்தது. 1922-ல் போலீசில் சேர்ந்து பர்மாவுக்குக் கப்பல் ஏறினார். அப்போது வயது 19. மாண்டலேயில் பயிற்சி. பிறகு இன்சீன், மோல்மீன், கத்தா முதலிய ஊர்களில் உத்தியோகம்.

இரு தலைக் கொள்ளி

பர்மா மக்கள் வெள்ளைக்காரப் போலீசை வெறுத்தார்கள். தெருவில் கேலி செய்தார்கள். அவருக்குக் கோபம் பொங்கியது. ஆனால், நியாயம் அந்த மக்கள் பக்கம்தான் என்று மனச்சாட்சி சொன்னது. இதை யாரிடம் சொல்லுவது? சக அதிகாரிகளிடம் வாய் திறக்க முடியாது. உள்ளுக்குள்ளேயே வெந்தார்.

ஒரு தூக்குத் தண்டனையைப் பற்றி 1931-ல் எழுதினார். தூக்கு மேடைக்குப் போகும் கைதி, வழியில் தேங்கி நின்ற தண்ணீரை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தானாம். இன்னும் சில நிமிடங்களில் சாகப்போகிறவன்! உயிரின் மதிப்பு அவருக்கு அப்போதுதான் உறைத்ததாம்.

1936-ல் ஒரு யானையைப் பற்றி எழுதினார். மதம் பிடித்த யானை, மதம் அடங்கி அமைதியாகப் புல் தின்று கொண்டிருந்தது. சுட அவருக்கு மனமில்லை. பின்னால் பெருங்கூட்டம். சுடாவிட்டால் சிரிப்பார்களே! சுட்டுவிட்டார். அதிகாரம் செய்பவனும் ஒரு கைதிதான் என்று புரிந்துகொண்டார்.

ராஜினாமா

1927-ல் காய்ச்சலில் விழுந்தார். விடுமுறையில் இங்கிலாந்து சென்றார். மீண்டும் உடுப்பை மாட்ட மனம் வரவில்லை. நல்ல சம்பளத்தை உதறிவிட்டு ராஜினாமா செய்தார்.

அதன் பிறகும் நிம்மதி இல்லை. தான் அதட்டிய வேலைக்காரர்கள், சிறைக் கைதிகள் ஆகியோரின் முகங்கள் கண்முன் வந்து வந்து நின்றன. பிராயச்சித்தம் தேடுவதுபோல ஏழைகளோடும் நாடோடிகளோடும் சேர்ந்து வாழ்ந்தார். பர்மா அனுபவத்தை 1934-ல் நாவலாக எழுதினார்.

1950-ல், காசநோயால், 46-வது வயதில் காலமானார். உடுப்பைக் கழற்றுவது சுலபம். மனதில் ஏறிய பாரத்தை இறக்கி வைக்க, அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.