கோழிக்கொட்டகையில் ஒரு ஸ்டுடியோ

கல்யாண ஆல்பத்தில் சிலர் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள் நண்பர்களே! நேர் எதிரே லைட் வைத்தால் மூக்கு, கன்னம், சுருக்கம் எல்லாம் தட்டையாகிவிடும். லைட்டைப் பக்கவாட்டில் வைக்கப் பழகும்போதுதான் எனக்கு இந்த அம்மையாரைப் பற்றித் தெரிய வந்தது. பெயர் ஜூலியா மார்கரெட் கேமரூன். (கேமரா இல்லைங்க, கேமரூன்!)

1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 கடைசியில் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தபோது வயது 48. தொழில் படித்தவர் அல்ல. இங்கிலாந்தில் வைட் தீவிலிருந்த தன் வீட்டில், கண்ணாடி வேய்ந்த கோழிக்கொட்டகையை ஸ்டுடியோ ஆக்கினார். கரி போட்டு வைக்கும் அறை இருட்டறை ஆனது. கோழிகளைக் குழம்பு வைக்கவில்லையாம், திறந்து விட்டுவிட்டார்களாம்!

கரண்ட் லைட் ஏது? சூரியன்தான். கண்ணாடித் தட்டில் கொலோடியன் பூசி, சில்வர் நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவ வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று மற்ற ஸ்டுடியோக்காரர்கள் வெளிச்சத்தைத் தாராளமாக விட்டார்கள். இவரோ திரை போட்டு மறைத்து, ஒரு பக்கமாக மட்டும் விட்டார். வெளிச்சம் குறைந்தால் நேரம் கூடும். உட்கார்ந்தவர்கள் பல நிமிஷம் ஆடாமல் அசையாமல் இருக்கணும், பாவம்! படமும் கொஞ்சம் கலங்கலாக வரும். ஃபோகஸ் பண்ணத் தெரியாதவர் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை.

1867-ல் விஞ்ஞானி ஹெர்ஷலை எடுத்தார். ஹைப்போவின் குணத்தைக் கண்டறிந்தாரே, அதே ஹெர்ஷல்தான். நரைமுடி வெளிச்சத்தில் மின்ன வேண்டும் என்று தலையைக் கழுவ வைத்தாராம். தோளில் கறுப்புத் துணி. இருட்டுக்குள்ளிருந்து அந்தக் கிழவர் முகம் மட்டும் நம்மைப் பார்க்கிறது. எங்க அப்பாரு ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் ஒவ்வொரு சுருக்கமும் இப்படித்தான் தெரியும்.

கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள். 1875-ல் அங்கே போனார்கள். நம்ம பக்கத்து ஜனங்கள் கூலிக்குப் போன அதே மலைநாடு. அங்கே தோட்டத்து ஆட்களையும் களுத்துறைக் குடியானவர்களையும் படம் எடுத்தார். ஹெர்ஷலுக்குப் படத்தில் பெயர் உண்டு. இவர்களில் பலருக்கு 'குடியானவர்கள்' என்பதற்கு மேல் எழுதவில்லை. எனக்கு அது மட்டும் மனசு ஒப்பவில்லை.

1879 ஜனவரி 26-ல் இலங்கையிலேயே காலமானார். பொகவந்தலாவை சர்ச்சில் அடக்கம் செய்தார்கள்.