இராமலிங்க அடிகளாரும் மூலிகை நெறியும்

சிவகாசிக்கு அணித்தாகிய விஸ்வநத்தத்தில் மருந்து என்னுஞ் சொல் இருபொருள் படும். பிணி தீர்ப்பதும் மருந்து. வாணத்துள் இடும் வெடிப்பொடியும் மருந்து. பின்னதன் அளவு பிழைப்பின் உயிர்க்கு இறுதி நேருமென்பதை ஈண்டுத் தொழில் புரிவார் நன்கறிவர். முன்னதற்கும் அவ்வளவறிதல் வேண்டுமென்பதைப் பலர் மறந்தொழிகின்றனர். பச்சிலை தானே, அது யாது தீங்கு செய்யும் என்பது அவர்தங் கருத்து. அதற்கு வடலூர் இராமலிங்க அடிகளாரைச் சான்று காட்டுவாருமுளர். ஆதலின், அப்பெரியார் வரலாற்றை இம்மருந்துத் துறையொடு படுத்துச் சுருங்கக் கூறுவாம்.

அடிகளார் சிதம்பரத்துக்கு அண்மையதாகிய மருதூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5ஆம் நாள் இராமையாபிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் மகவாய்த் தோன்றினார். குழவிப் பருவத்திலேயே தந்தையாரை இழந்தார். பின்னர்க் குடும்பம் சென்னை சேர்ந்தது. ஆண்டுத் தமையனார் சபாபதிபிள்ளையின் ஆதரவில் வளர்ந்தார். கந்தகோட்டமும் திருவொற்றியூரும் அவர்தம் இளமைக்கு நிலைக்களமாயின. 1851இல் ஒழிவிலொடுக்கத்தைத் திருப்போரூர்ச் சிதம்பர சுவாமிகள் உரையொடு பதிப்பித்தமை, சித்தாந்த நூற்பயிற்சியுடையார் அனைவரும் நினைத்தற்குரிய தொண்டாம்.

1858இல் சென்னையை நீங்கித் தில்லைப் பக்கம் போந்து, கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். அக்காலத்து அன்பர்க்கு எழுதிய திருமுகங்களில் உடல்நலம் பற்றிய குறிப்புகளும் விரவி வந்துள்ளன. 1865இல் சங்கம் நிறுவினார். 1867 மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுகாறும் அவியாது எரிகின்றது. பசியை அவர் பிணிகளுள் தலையாயதாகக் கண்டார். ஆகலின் உணவே முதன் மருந்தாயிற்று. ஏனைய மருந்துகள் அதன் பின்னவையே. இம்முறைவைப்பை மாற்றிப் பசித்த வயிற்றில் மூலிகையை மட்டும் நாடுவார் அவர் நெறியை உணர்ந்தவராகார்.

அவர்தம் பாடல்களை அருட்பா எனல் தகுமோ என்பது பற்றி யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தொடுத்த வழக்கை இவ்வேட்டினர் அறிவர். அவ்வழக்கு ஈண்டைக்கு வேண்டா. இருதிறத்தாரும் ஒப்ப ஆராய்தற்குரியவை அவருடைய மருத்துவக் குறிப்புகளாம். நானூற்றுக்கு மேற்பட்ட மூலிகைகளின் பெயரையும் குணத்தையும் அவர் நிரல்படுத்தினர். ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 முதல் 1958 வரை பன்னிரு புத்தகங்களாக வெளியிட்ட பதிப்பு அவர்தம் உரைநடைகளையும் திருமுகங்களையும் நாட்டுக்கு அளித்தது.

நாடோறும் கொள்ளற்கு அவர் விதித்தது எளிய தொன்று. கரிசாலையை மிகுதியாகவும், தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் என்னும் மூன்றினை அதனிற் குறைந்த பங்காகவும் கூட்டிப் பொடித்து, நீரும் பாலுஞ் சேர்த்துக் காய்ச்சிப் பருகுவதாம். கிழங்குகளை விலக்கியவர் கருணைக்கிழங்கை மட்டும் உடன்பட்டார். அக்கருணையும் செவ்வனே வேவாதாயின் நாவையும் தொண்டையையும் அரித்து வருத்துமென்பதை அடுக்களையிற் பழகிய மகளிர் எவரும் அறிவர். உணவும் உறக்கமும் அளவொடு நிகழ்தல் வேண்டுமென்றும் அவர் வற்புறுத்தினார். எனவே, அவர் நெறியின் உயிர்நிலை இலை மாத்திரமன்று. பங்கும் பக்குவமும் அளவும் ஆம்.

இனி, இக்காலத்து நேரும் பிழைகள் மூன்றனைக் காட்டுவாம். முதலாவது ஆள்மாறாட்டம். அடிகளார் சிறப்பித்த கரிசாலை மஞ்சட்பூவுடைய பொற்றலைக் கையாந்தகரையாம். அயல்நாட்டினின்று அழகுக்காகக் கொணரப்பெற்று வேலியோரம் படர்ந்து கிடக்கும் மஞ்சட்பூக் கொடியொன்றை அதுவெனப் பறித்துண்பாருளர். இரண்டாவது, நிலம் நோக்காமை. வெடிமருந்துப் பொடியும் தொழிற்சாலைக் கழிவும் படியும் எங்கள் பக்கத்து நிலங்களிற் கீரை கிள்ளுவது தகாது. உலோக நஞ்சு வேர்வழியே இலையை அடையும். மூன்றாவது, பழம்பெருமை ஒன்றே போதுமெனல். ஆடுதீண்டாப்பாளையைப் பண்டை நூல்கள் புகழ்ந்தன; ஆயின் அதன்கண் உள்ள ஒருவகை அமிலம் சிறுநீரகத்தைச் சிதைத்துப் புற்றுநோயும் விளைக்குமென இற்றை ஆராய்ச்சி மெய்ப்பித்துள்ளது. சேங்கொட்டை, நாபி, செங்காந்தட் கிழங்கு முதலியன சுத்திமுறை அறியாதார் கையில் நஞ்சேயாம். சூலுற்ற மகளிரும், நீரிழிவுக்கோ குருதியழுத்தத்துக்கோ பிறமருந்து உட்கொள்வாரும் மருத்துவரைக் கேளாது மூலிகை கொள்ளலாகாது. இருமருந்தும் ஒன்றையொன்று மிகுவித்தலும் தடுத்தலும் உண்டு.

திருமடங்களில் அன்பர்க்குப் பச்சிலை வழங்கும் வழக்கம் உண்டு. அம்மடங்களைச் சார்ந்தோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். திருநீற்றொடு தரப்படும் இலையைப் பெறுவான் ஐயுறான். ஐயுறாதவன்பால் தருவோன் கடப்பாடு இருமடங்காகின்றது. இலையின் பெயரும் பறித்த இடமும் கொடுத்த அளவும் எழுதிவைத்தல் நன்று.

1872 சனவரி 25ஆம் நாள் ஞானசபையில் வழிபாடு தொடங்கிற்று. 1874 சனவரி 30ஆம் நாள் அடிகளார் மேட்டுக்குப்பத்துத் திருமாளிகையறையுட் புகுந்தார், மீட்டும் வெளிப்போந்திலர். பயிர் வாடக் கண்டு நெஞ்சிளகிய ஒருவர் பெயரால் ஓருயிர்க்கேனும் ஊறு நேர்தல் பெரும்பிழையாம். பெயரறிந்து, நிலமறிந்து, அளவறிந்து, கொள்வார் உடலறிந்து கொடுப்பதே அவர் போற்றிய சீவகாருணியத்தொடு பொருந்திய மருத்துவம் என்க.