விமானப்படையின் முதல் இந்தியத் தலைவர் சுப்ரதோ முகர்ஜி

நீர், நிலம், மலை, காடு ஆகிய நான்கையுமே அரணெனக் கொண்டனர் நம் முன்னோர். ஆகாயத்தை அவர்கள் அரணாக எண்ணவில்லை; எண்ண வேண்டிய அவசியமும் அன்று இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அந்த நிலைமை மாறிற்று. மலையையும் கடலையும் தாண்டிப் பறந்து வரும் விரோதியின் முன்னால் அந்த நான்கு அரண்களும் போதா என்பதை இரண்டு பெரும் யுத்தங்கள் உலகத்துக்கு உணர்த்தின. இந்தப் பாடத்தை இந்தியா அந்நியர் ஆட்சியில் இருந்துகொண்டே கற்க வேண்டியதாயிற்று. அவ்வாறு கற்று, பின்னர் சுதந்திர தேசத்தின் ஆகாயக் காவலை ஏற்ற முதல் இந்தியர் ஏர் மார்ஷல் சுப்ரதோ முகர்ஜி. அவருடைய வாழ்க்கை ஒரு தனி மனிதரின் உயர்வைச் சொல்வதோடு நிற்பதில்லை. தேசப் பாதுகாப்பு என்பது எத்தனை வருஷங்களில், எவ்வளவு பொறுமையினால் உருவாகிறது என்பதையும் அது எடுத்துக்காட்டுகிறது.

1911-ம் வருஷம் மார்ச் மாதம் 5-ந் தேதி கல்கத்தாவில் முகர்ஜி பிறந்தார். தந்தை சதீச சந்திர முகர்ஜி, ஐ.ஸி.எஸ். உத்தியோகஸ்தர். தாயார் சாருலதா, அக்காலத்திலேயே கல்லூரிப் படிப்புப் பெற்ற மாதரசி. மூத்த சகோதரியான ரேணுகா ராய் காந்தியடிகளின் வழியைப் பின்பற்றித் தேசிய இயக்கத்தில் ஈடுபட்டுப் பிற்காலத்தில் அரசியல் நிர்ணய சபையிலும் மேற்கு வங்க மந்திரி சபையிலும் அங்கம் வகித்தவர். இவ்வாறு ஒரே இல்லத்தில் ஒருவர் அந்நிய ஆட்சியை எதிர்த்து நின்றார். மற்றவர் அதே ஆட்சியின் படையில் சேர்ந்து ஆயுத வித்தையைப் பயின்றார். இதைப் பெரிய முரண்பாடு என்று அன்று பலர் கருதியிருக்கக்கூடும். ஆனால் ஆட்சியைப் பெறுவதற்குச் சகோதரியைப் போன்றவர்கள் எவ்வளவு அவசியமோ, பெற்ற ஆட்சியைக் காப்பதற்குத் தம்பியைப் போன்றவர்களும் அவ்வளவு அவசியம் என்பதைப் பின்வந்த சரித்திரம் நிரூபித்தது.

இந்தியர்களுக்கு விமானம் ஓட்டும் திறமை உண்டா என்று ஐயுறுவது அந்நாளில் ஆங்கில அதிகாரிகளிடையே சகஜமாக இருந்தது. முதல் உலக யுத்தத்தில் இந்திர லால் ராய் என்னும் வங்க இளைஞர் பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்து, 10 எதிரி விமானங்களை வீழ்த்திய பெருமையுடன் 1918-ம் வருஷம் ஜூலை மாதத்தில் தம் 19-வது வயதில் ஆகாயப் போரிலேயே உயிர் துறந்தார். இந்தத் தியாகத்துக்குப் பின்னும் இந்தியர்களுக்கு விமானப்படையின் கதவு திறக்கவில்லை. ஸ்கீன் கமிட்டியின் சிபாரிசுக்குப் பிறகே இங்கிலாந்திலுள்ள கிரான்வெல் விமானக் கல்லூரியில் இந்திய மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சர்க்கார் சம்மதித்தனர். 1930-ல் அங்கு சென்ற முதல் கோஷ்டியில் முகர்ஜியும் ஒருவர். 1932-ம் வருஷம் அக்டோபர் மாதம் 8-ந் தேதி இந்திய விமானப்படை சட்டபூர்வமாக அமைந்தது. அன்று உத்தியோகம் பெற்ற விமானிகள் ஐவர் மட்டுமே.

1933-ம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் தேதி கராச்சியை அடுத்த டிரிக் ரோடில் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியது. அதன் சொத்து நான்கு வாபிடி விமானங்கள். அவையும் பழைய மாதிரியில் அமைந்த இரட்டைச் சிறகு விமானங்கள். தலைமை வகித்தவர் ஓர் ஆங்கில அதிகாரி. விமானங்களைப் பழுது பார்க்கவும் பாதுகாக்கவும் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்திய இளைஞர்களுக்கு ஹவாயி சிப்பாய்கள் என்று பெயர். முதல் ஐந்து விமானிகளில் இருவர் சீக்கிரத்திலேயே விபத்தில் மாண்டனர். ஒரு பெரிய தேசத்தின் விமானப்படை இவ்வளவு சிறிய ஆரம்பத்திலிருந்து வளர்ந்தது என்பதை இன்றைய இளைஞர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இந்தச் சிறு படைக்கு முதலில் கிடைத்த வேலை வடமேற்கு எல்லைப்புறத்தில். வஸீரிஸ்தான் மலைகளில் இப்பி பக்கீரின் தலைமையில் பிரிட்டிஷாரை எதிர்த்த மலைவாசிகளை அடக்குவதற்குத் தரைப்படையும் விமானப்படையும் ஏவப்பட்டன. மீரான்ஷாவிலிருந்து புறப்பட்ட விமானங்கள் உளவு பார்த்தன; படைகளுக்குத் துணை நின்றன; குண்டும் போட்டன. அந்நியருக்கு அடங்க மறுத்தவர்கள் மீது இந்திய விமானிகளும் ஏவப்பட்டார்கள் என்பது மறைப்பதற்குரிய விஷயமன்று. அது அடிமை தேசத்துச் சிப்பாயின் தர்மசங்கடம். தான் ஏந்தும் ஆயுதம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை அவனுக்கு இல்லை. தேசப் பாதுகாப்புக் கொள்கையைத் தேச ஜனங்களே வகுக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு இதைவிடச் சிறந்த காரணம் வேண்டியதில்லை.

ஆயினும் அந்த எல்லைப்புறத்திலேதான் முகர்ஜியின் தலைமைக் குணங்கள் வெளிப்பட்டன. 1939-ம் வருஷம் மார்ச் மாதத்தில் முதல் ஸ்குவாட்ரனின் தலைமை அவரிடம் வந்தது. ஒரு ஸ்குவாட்ரனுக்குத் தலைமை வகித்த முதல் இந்தியர் அவரே. மறு வருஷம் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை விமானப்படையினர் வெகு காலம் நினைவில் போற்றினர். மலைவாசிகளால் சூழப்பட்ட ஒரு சிறு காவல் நிலையத்தில் சிப்பாய்களிடம் தோட்டாக்கள் தீர்ந்துபோயின. மேலே பறந்த முகர்ஜி, தம் விமானத்துத் தோட்டாக்களையே எடுக்கச் செய்து, உடனிருந்த ஹவாயி சிப்பாயின் காலுறைகளில் நிரப்பிக் கீழே போடச் செய்தார். காவல் நிலையம் தப்பியது. தரையில் நிற்பவனுடைய கஷ்டத்தை ஆகாயத்திலிருப்பவன் தன் கஷ்டமாகக் கருத வேண்டும் என்பதை இந்த ஒரு செயல் விளக்கும். 1943-ல் கோஹாட் விமான நிலையத்தின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அத்தகைய பொறுப்பும் அதற்குமுன் இந்தியர் ஒருவருக்கும் கிடைத்ததில்லை.

1947-ல் சுதந்திரம் வந்தது. கூடவே பிரிவினையும் வந்தது. முகர்ஜி விமான வாழ்க்கையைத் தொடங்கிய டிரிக் ரோடு, அவர் பொறுப்பு வகித்த கோஹாட், பயிற்சிக்குப் பேர்போன ரிஸால்பூர் ஆகிய யாவும் ஒரே நாளில் வேறு ராஜ்யத்துக்குச் சொந்தமாயின. எஞ்சிய படை மூச்சுவிடுமுன்னரே காஷ்மீரம் கைநழுவும் நிலைமை ஏற்பட்டது. அக்டோபர் 27-ந் தேதி காலையில் டில்லியிலிருந்து டகோட்டா விமானங்கள் சீக்கியப் படையினரை ஏற்றிச் சென்று ஸ்ரீநகரில் இறக்கின. தரை மார்க்கமாகப் படை செல்வதற்குள் அந்நகரம் வீழ்ந்திருக்கும். நான்கு அரண்களாலும் காக்க முடியாத ஒரு பிரதேசத்தை ஐந்தாவது அரண் காத்தது. ஆகாய பலம் ஆடம்பரமன்று என்பதைச் சுதந்திர இந்தியா பிறந்த மூன்றாவது மாதத்திலேயே கண்டுகொண்டது.

சுதந்திரம் வந்த பின்னரும் தலைமை ஸ்தானம் உடனே இந்தியர் கைக்கு வரவில்லை. தரைப்படைக்கு 1949-ம் வருஷத்திலேயே ஜெனரல் கரியப்பா தலைவரானார். விமானப்படைக்கோ மூன்று ஆங்கில அதிகாரிகள் ஒருவர் பின் ஒருவராகத் தலைமை வகித்தனர். நம்மவர்களிடையே ஆசை குறைந்ததனால் இது நேரவில்லை. நாற்பது வயதைக்கூட எட்டாத அதிகாரிகளே நம்மவர்களில் மூத்தவர்களாக இருந்தனர். கதவை வெகு காலம் சாத்தி வைத்திருந்த பின்னர், உள்ளே அனுபவசாலிகள் இல்லையே என்று அங்கலாய்ப்பது ஏகாதிபத்தியத்தின் வழக்கம். முகர்ஜி மனங்கசந்து ஒதுங்கவில்லை. உதவித் தலைவராக இருந்து படையின் சகல விவகாரங்களையும் கற்றார். லண்டனிலுள்ள ராணுவ உயர் கல்லூரிக்கும் மாணவராகச் சென்று வந்தார். 1954-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி, தம் 43-வது வயதில் தலைமை ஏற்றார். கிரான்வெல் மாணவனிடமிருந்து படைத் தலைவனை உருவாக்க 24 வருஷங்கள் பிடித்தன. விமானத்தை ஒரு கையெழுத்தில் வாங்கலாம். தலைவனை அப்படி வாங்க முடியாது.

அவர் தலைமை வகித்த ஆறரை வருஷங்களில் படையின் தோற்றமே மாறிற்று. பிரெஞ்சு நாட்டு மிஸ்டேர், இங்கிலாந்தின் ஹண்டர், கான்பெரா, நாட் ஆகிய ஜெட் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வறுமை மலிந்த தேசத்தில் இவ்வளவு செலவு தகுமா என்ற கேள்வியும் எழுந்தது. கேள்வி நியாயமானதே. ஆனால் உழவன் பயிரிட்ட வயலுக்கு வேலி கட்டும் செலவை வீண் செலவென்று சொல்வதில்லை. வேலிக்குரிய முள்ளை என்றென்றும் அயலானிடமே வாங்க வேண்டுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கும் அக்காலத்தில் ஒரு விடை தேடப்பட்டது. வால்சந்த் ஹீராசந்த் மைசூர் ராஜ்யத்தின் உதவியுடன் 1940-ல் பெங்களூரில் நிறுவிய விமானத் தொழிற்சாலை தேசத்தின் உடைமையாகியிருந்தது. நாட் விமானத்தை அங்கேயே உற்பத்தி செய்ய உரிமை பெறப்பட்டது. ஜெர்மானிய நிபுணர் கூர்ட் டாங்கின் துணையோடு மாருத் என்னும் போர் விமானத்தைத் தயாரிக்கும் வேலையும் தொடங்கியது. அது 1961-ம் வருஷம் ஜூன் மாதத்தில் முதன்முதலாகப் பறந்தது. அதைக் காண முகர்ஜி இருக்கவில்லை.

1960-ம் வருஷம் நவம்பர் மாதம் 8-ந் தேதி, டோக்கியோ நகரில் உணவு அருந்திக்கொண்டிருக்கையில் உணவுத் துண்டு மூச்சுக்குழாயை அடைத்ததனால் அவர் உயிர் நீத்தார். எல்லைப்புற மலைகளின் மேல் எத்தனையோ அபாயங்களுக்குத் தப்பியவரை இவ்வளவு அற்பக் காரணம் கொண்டுபோயிற்று. அப்பொழுது அவருக்கு வயது 49. அவருடைய மனைவியார் சாரதா முகர்ஜி பின்னர் லோக சபை அங்கத்தினராகவும், ஆந்திர, குஜராத் ராஜ்யங்களின் கவர்னராகவும் பணியாற்றினார். பள்ளி மாணவர்களுக்கான கால்பந்துப் போட்டியொன்று சுப்ரதோ கோப்பை என்று அவர் பெயரால் நடைபெற்று வருகிறது.

அவர் மறைந்து இரண்டே வருஷங்களில் பெருஞ்சோதனை வந்தது. 1962-ல் சீனப் படைகள் இமயத்தைத் தாண்டி வந்தபோது, நமது சரக்கு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் மலை உச்சிகளில் இருந்த படைகளுக்கு உயிரைப் பணயம் வைத்து உணவும் தளவாடமும் சுமந்தன. ஆனால் முகர்ஜி சேகரித்து வைத்த போர் விமானங்கள் தாக்குதலுக்கு அனுப்பப்படவில்லை. நம் நகரங்கள்மீது எதிரி குண்டு போடுவான் என்ற அச்சம் ராஜாங்கத்தின் கையைக் கட்டிவிட்டது. எதிரியின் விமானங்கள் திபெத்தின் உயர்ந்த பீடபூமியிலிருந்து அதிக பாரத்துடன் கிளம்புவது எளிதன்று என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை. பலம் இருந்தது, அதைப் பிரயோகிக்கும் கொள்கை இல்லை. 1965-லோ, யுத்தம் மூண்டபோது விமானப்படை முதல் நாளிலேயே களத்தில் இறங்கியது. பெங்களூரில் உற்பத்தியான நாட் விமானத்தின் பெயர் வீடுதோறும் வழங்கியது. ஆயுதமும் மன உறுதியும் ஒன்று சேர்ந்தால்தான் பாதுகாப்பு என்பதை இவ்விரண்டு அனுபவங்களும் காட்டுகின்றன.

இன்று அரண் மேலும் உயர்ந்துவிட்டது. விமானம் எட்டாத உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்கள் எதிரியின் நடமாட்டத்தைக் காண்கின்றன, படைகளுக்கு வழி காட்டுகின்றன, செய்தி அனுப்புகின்றன. அவற்றை இழந்த சேனை கண்ணும் காதும் இழந்த சேனையே. 2019-ம் வருஷம் மார்ச் மாதம் 27-ந் தேதி, வானில் சுற்றிய தன் சொந்தக் கோள் ஒன்றை ஏவுகணையால் தகர்த்து, இந்தியா அத்துறையில் தன் ஆற்றலைப் பரீட்சித்தது. அதே வருஷத்தில் விண்வெளிப் பாதுகாப்புக்கெனத் தனி ஸ்தாபனம் ஒன்றும் அமைந்தது. ஆகாயம் தொடர்பாக 1933-ல் நாம் எந்த நிலையில் இருந்தோமோ, விண்வெளிப் பாதுகாப்பிலும் ஏறக்குறைய அந்த ஆரம்ப நிலையிலேயே இருக்கிறோம். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அன்று கதவைத் திறக்கவும் மூடவும் உரிமை பெற்றவன் அந்நியன். இன்று அந்த உரிமை நம்முடையது.

ஆகவே முகர்ஜியின் வாழ்க்கை நமக்கு விடுக்கும் எச்சரிக்கை தெளிவானது. கருவிகளை வாங்குவதோடு கடமை தீர்ந்தது என்று இராமல், அவற்றைச் செய்யும் தொழிலாளியையும், செலுத்தும் வீரனையும், ஏவும் தலைவனையும், எப்பொழுது ஏவுவது என்று துணியும் ராஜதந்திரியையும் நாமே வளர்க்க வேண்டும். 24 வருஷங்கள் கழித்துத் தேவைப்படும் தலைவன் இன்று எங்கோ ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குரிய கல்விச்சாலையைத் திறந்து வைப்பதே, நான்கு விமானங்களோடு தொடங்கி ஒரு தேசத்தின் ஆகாயத்துக்கே காவலாக நின்ற அந்த வீரருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.