முனைவரான பின்பு தமிழ் கற்றவர்

சென்ற பருவத்தில் என் இறுதியாண்டு ஆய்வேட்டின் முதல் இயலை மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. வலி மிகும் இடங்களில் விட்டிருந்தேன். மிகாத இடங்களில் போட்டிருந்தேன். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. அங்குத் தமிழ், பள்ளி முடிந்த பின் நடக்கும் பாடம். இந்தத் தமிழை வைத்துக்கொண்டு முதுகலை ஆய்வா என்று எண்ணி, விண்ணப்பப் பாரத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அந்த வாரத்தில்தான், இவ்விதழுக்காகத் தனிநாயகம் அடிகளாரின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தியவர் என்று மட்டுமே அவரை அறிந்திருந்தேன். அவர் ஒன்றல்ல, மூன்று ஆய்வுப் பட்டங்களின் படிகளை ஏறியவர் என்பது எனக்குப் புதிய செய்தி.

1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் இலங்கையின் ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் பயின்று, கொழும்பில் குருத்துவக் கல்வி பெற்று, 1934-இல் ரோமாபுரிக்குச் சென்றார். 1938-இல் குருவானார். அங்கு அவர் எழுதிய ஆய்வேடு தமிழைப் பற்றியதன்று. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில், மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித சிப்ரியான் காலத்துக் குருமாரைப் பற்றியது. மூல நூல்களைத் தேடிச் சான்று காட்டி எழுதும் முறையை அங்கேயே கற்றார். இறையியலில் முனைவர் பட்டமும் பெற்றார்.

பிறகு 1940-இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்திற்கு ஆசிரியராக வந்தார். பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்த அவருக்குத் தாய்மொழி இலக்கியம் போதிய அளவு தெரியவில்லை. அதை மறைக்காமல், அங்கிருந்த தமிழ்ப் பண்டிதரிடம் மாணவராக அமர்ந்து பாடம் கேட்டார். முனைவர் பட்டம் கையில் இருந்தவர், எழுத்திலும் சொல்லிலும் தம் பிழைகளைப் பிறர் திருத்த இடம் கொடுத்தார்! இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று ஆய்வுப் பட்டங்களை ஒன்றாகப் பெறுவதைவிட இந்த ஒரு படிதான் கடினமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

1945-இல், முப்பத்திரண்டு வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்தார். முதுகலையை முடித்து ஆய்வில் இறங்கினார். சங்கப் பாடல்களில் இயற்கை என்பது தலைப்பு. குறிஞ்சியையும் முல்லையையும் பலர் ஆராய்ந்திருந்தனர். அடிகளாரோ கிரேக்க, இலத்தீன் கவிஞர்கள் இயற்கையைப் பாடிய விதத்தோடு அவற்றை ஒப்பிட்டார். வீண்போனதாகத் தோன்றியிருக்கக்கூடிய ரோமாபுரிப் படிப்பு, தமிழாய்வுக்கு அளவுகோலாயிற்று. அந்த ஆய்வு பின்னர் ஆங்கில நூலாக வந்தது. 1966-இல் ‘லேண்ட்ஸ்கேப் அண்ட் பொயட்ரி’ என்ற பெயரில் விரிந்தது.

நாம் ஆய்வேட்டைக் கட்டி ஒப்படைத்ததும் வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம். அவரோ 1952-இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கி, தமிழ் அறியாத அறிஞரிடமும் தமிழாய்வைக் கொண்டு சேர்த்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் விரிவுரையாளராக இருந்துகொண்டே, லண்டன் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆய்வை மேற்கொண்டார். பண்டைத் தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை பற்றியது அது. 1957-இல் முனைவர் பட்டம் கிடைத்தபோது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

நூலகங்களில் தேடும் பழக்கமும் அவரை விடவில்லை. 1554-இல் லிஸ்பனில் அச்சான தமிழ் நூலையும், 1679-இல் அச்சான அந்தாம் தெ புரொயன்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியையும் ஐரோப்பாவில் கண்டு உலகுக்கு அறிவித்தார். அந்த அகராதி 1966-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியாக மறுபடி வெளிவந்தது.

1961-இல் அப்பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்க வந்தார். 1964-இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகக் காரணமாக இருந்தார். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் மன்றத்தின் முதல் மாநாடு கூடியது; துங்கு அப்துல் ரஹ்மான் தொடக்கி வைத்தார். தனி மனிதர் ஒருவரின் ஆய்வு, பல நாட்டு அறிஞர்கள் கூடிப் பேசும் அவையாக வளர்ந்தது. 1969 வரை இங்குப் பணியாற்றிய அடிகளார், 1980 செப்டம்பர் 1-ஆம் நாள் இலங்கையில் மறைந்தார்.

நண்பர்களே, அவருக்கும் எனக்கும் ஒப்பீடு இல்லை. மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் தமிழை முழுதாகக் கற்ற பிறகுதான் ஆய்வு செய்ய வேண்டும் என்று காத்திருந்தால், அவருடைய நூல் ஒன்றும் வந்திருக்காது என்பதை மட்டும் புரிந்துகொண்டேன்.

முதல் இயலைத் திருத்திக் கொடுத்தேன். மீண்டும் சிவப்பு மையோடு வந்தது, சற்றுக் குறைவாக. பாரத்தைப் பையிலிருந்து எடுத்து நிரப்பிவிட்டேன். தலைப்பு என்ற கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.