பாட்ரிக் பியர்ஸ்

அயர்லாந்து நாட்டில் பாட்ரிக் என்னும் பெயர் பரவலாக வழங்கும் பெயர்களுள் ஒன்று. ஐந்தாம் நூற்றாண்டில் அந்நாட்டில் கிறித்தவ சமயத்தைப் பரப்பிய புனித பாட்ரிக்கின் நினைவாக மக்கள் தம் பிள்ளைகளுக்கு அப்பெயரை இட்டு வந்தனர். உழவரும் தொழிலாளரும், புலவரும் போர்வீரரும் அப்பெயரைத் தாங்கினர். அவர்களுள் ஒருவர் பாட்ரிக் பியர்ஸ். அவர் பள்ளி ஆசிரியர். தம் நாட்டு மொழி அழியக் கண்டு பொறாதவர். அதனைக் காக்கவே கல்விப் பணியை மேற்கொண்டவர். இறுதியில் நாட்டின் விடுதலைக்காக உயிரையும் கொடுத்தவர்.

அவர் பிறந்த காலத்தில் அயர்லாந்து ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அம்மக்களின் தொன்மையான மொழி ஐரிஷ். அரசாங்கத்திலும் நீதிமன்றத்திலும் அதற்கு இடம் இல்லை. 1831 ஆம் ஆண்டிற்குப் பின் ஊர்தோறும் அமைந்த தேசியப் பள்ளிகளில் பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடந்தன. பல ஊர்களில் சிறுவரின் கழுத்தில் ஒரு சிறு கோலைக் கட்டித் தொங்கவிடுவர். அச்சிறுவர் ஐரிஷ் பேசும்பொழுதெல்லாம் அக்கோலில் ஒரு வெட்டு விழும். மாலையில் வெட்டுகளை எண்ணி அடி கொடுப்பர். 1845 ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியதால் பெரும் பஞ்சம் தொடங்கியது. அதில் ஏறக்குறைய பத்து இலட்சம் மக்கள் மாண்டனர்; ஏறக்குறைய அதே அளவினர் கடல் கடந்து சென்றனர். ஐரிஷ் பேசிய ஏழை மக்களையே பஞ்சம் மிகுதியாக வாட்டியது. ஆகவே 1901 ஆம் ஆண்டில் ஐரிஷ் அறிந்தவர் நூற்றுக்குப் 15 பேர்கூட இலர்.

இத்தகைய சூழ்நிலையில் 1879 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 10 ஆம் நாள் டப்ளின் நகரில் பியர்ஸ் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பியர்ஸ், இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய கற்சிற்பி. தாயார் மார்கரெட், ஐரிஷ் குடியில் வந்தவர். வீட்டில் அனைவரும் ஆங்கிலமே பேசினர். எனினும் தாய்வழி உறவினரான மூதாட்டி ஒருவர் அவ்வீட்டிற்கு வருவார். அவர் ஐரிஷ் பாடல்களைப் பாடுவார். பழங்கால வீரர்களின் கதைகளைக் கூறுவார். சிறுவர் பாட்ரிக்கும் தம்பி வில்லியமும் அவர் அருகில் அமர்ந்து ஆவலோடு கேட்பர். பின்னாளில் பெருந்தீயாய் மூண்ட மொழிப்பற்றுக்கு அம்மூதாட்டியின் கதைகளே முதற்பொறியாயின.

1893 ஆம் ஆண்டில், டக்ளஸ் ஹைட், இயோன் மக்நீல் முதலிய அறிஞர்கள் கேலிக் கழகம் என்னும் அமைப்பை நிறுவினர். ஐரிஷ் மொழியை மீண்டும் மக்கள் நாவில் வழங்கச் செய்வதே அதன் நோக்கம். பியர்ஸ் தம் பதினாறாம் வயதிலேயே அக்கழகத்தில் சேர்ந்தார். நூலில் கற்ற மொழியைப் பேச்சில் கேட்க விரும்பி, 1898 ஆம் ஆண்டில் மேற்குக் கடலிலுள்ள அரான் தீவுக்குச் சென்றார். அங்கே மீனவரும் உழவரும் தம் முன்னோர் பேசிய மொழியையே பேசிக்கொண்டிருந்தனர். அதன்பின் மேற்குப் பகுதிக்கு அவர் அடிக்கடி சென்று வந்தார். அங்கே கானமாரா நிலப்பகுதியில் ஏரி ஒன்றின் கரையில் சிறு குடில் ஒன்றையும் கட்டிக்கொண்டார். அவ்வூர்ச் சிறுவரையும் முதியவரையும் கதைமாந்தராக்கி, ஐரிஷ் மொழியில் சிறுகதைகள் எழுதினார்.

1901 ஆம் ஆண்டில் பியர்ஸ் பட்டம் பெற்று வழக்கறிஞரும் ஆனார். அத்தொழிலில் அவர் மிகுதியாக ஈடுபட்டாரில்லை. ஆயினும் ஒரு வழக்கு அவர் உள்ளத்தைத் தொட்டது. டானகால் மாவட்டத்தில் உழவர் ஒருவர் தம் வண்டியில் தம் பெயரை ஐரிஷ் எழுத்தில் எழுதியிருந்தார். வண்டியின்மீது உரிமையாளர் பெயர் படிக்கத்தக்க எழுத்தில் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். ஐரிஷ் எழுத்து அச்சட்டத்திற்குப் பொருந்தாது என்று கூறி அவருக்குத் தண்டம் விதித்தனர். 1905 ஆம் ஆண்டில் அவ்வழக்கு டப்ளின் உயர்நீதிமன்றத்திற்கு வந்தது. உழவரின் சார்பில் பியர்ஸ் வாதாடினார். ஒருவன் தன் சொந்த நாட்டில், தன் சொந்த வண்டியில், தன் பெயரைத் தன் மொழியில் எழுதுதல் குற்றமாகுமா என்பதே அவ்வழக்கின் உட்பொருள். நீதிமன்றம் உழவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. வழக்குத் தோற்றது, ஆனால் தம் நாட்டில் தம் மொழிக்கு உரிய இடம் எத்துணைச் சிறிது என்பதை மக்கள் உணர்ந்தனர்.

அக்காலத்தில் பியர்ஸ் கேலிக் கழகத்தின் வார இதழுக்கு ஆசிரியராக இருந்தார். அவ்விதழின் பெயருக்கு ஒளிவாள் என்பது பொருள். 1905 ஆம் ஆண்டில் அவர் பெல்ஜியம் நாட்டுக்குச் சென்று பள்ளிகளைப் பார்வையிட்டார். அந்நாட்டில் பிளெமிஷ், பிரெஞ்சு ஆகிய இரு மொழிகள் வழங்கின. இரு மொழிகளையும் ஒரே பள்ளியில் செவ்வனே கற்பித்தல் இயலும் என்பதை அவர் நேரில் கண்டார். அதுபற்றித் தம் இதழில் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். பிறமொழியை வெறுக்குமாறு அவர் எவருக்கும் கற்பிக்கவில்லை. தாய்நாட்டு மொழியை இழந்து பிறமொழியைப் பெறுதல் வேண்டா என்பதே அவர் கொள்கை.

எழுத்தால் மட்டும் பயன் விளையாது. செய்து காட்டல் வேண்டும் என்று பியர்ஸ் எண்ணினார். ஆகவே 1908 ஆம் ஆண்டில் டப்ளின் நகரில் புனித எண்டா பள்ளியைத் தொடங்கினார். அங்கே ஐரிஷும் ஆங்கிலமும் பயிற்று மொழிகளாயின. தேர்வுக்காக மனப்பாடம் செய்தல் கல்வியாகாது என்பது அவர் கருத்து. மாணவர் தோட்டம் இட்டனர்; பறவைகளையும் செடிகளையும் உற்று நோக்கிக் கற்றனர்; பழங்கதைகளை நாடகமாக நடித்தனர். தம்பி வில்லியம் ஓவியம் கற்பித்தார். தாயாரும் தமக்கையாரும் பள்ளியின் பணிகளில் பங்கு கொண்டனர். புலவர் தாமஸ் மக்டோனா துணையாசிரியராக விளங்கினார். ஒவ்வொரு குழந்தையிடத்தும் தனித்ததோர் இயல்பு உண்டு. அதனை வெளிக்கொணர்தலே ஆசிரியர் கடன் என்று பியர்ஸ் கருதினார். எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்கும் அந்நாளைய கல்வி முறையைக் கொலை எந்திரம் என்றே பெயரிட்டு ஒரு சிறு நூலும் எழுதினார்.

1910 ஆம் ஆண்டில் பள்ளி, நகரின் புறத்தே இராத்பார்னம் என்னும் இடத்திலிருந்த பெரிய மாளிகைக்கு மாறியது. சோலையும் ஓடையும் சூழ்ந்த இடம் அது. ஆனால் செலவு வரவினும் மிகுந்தது, கடன் வளர்ந்தது. 1913 ஆம் ஆண்டு மே மாதத்தில் பள்ளியின் உதவிக்காக டப்ளின் அபே நாடக அரங்கில் இரு நாடகங்கள் நடைபெற்றன. ஒன்று, பியர்ஸ் ஐரிஷ் மொழியில் எழுதி அவர்தம் மாணவர் நடித்த நாடகம். மற்றொன்று, இரவீந்திரநாத தாகூர் இயற்றிய அஞ்சல் நிலையம். தாகூரும் வங்காளத்தில் மரநிழலில் பள்ளி நடத்தி வந்தவர் அல்லரோ! கடல்கள் இடையே கிடப்பினும், கல்வியைப் பற்றிய கருத்தில் இருவரும் நெருங்கியவராயினர்.

தொடக்கத்தில் பியர்ஸ் ஆயுதப் புரட்சியை நாடவில்லை. 1912 ஆம் ஆண்டில் அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்கும் சட்டத்தை ஆதரித்துப் பொதுக்கூட்டத்தில் பேசினார். ஆனால் அச்சட்டத்திற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1914 ஆம் ஆண்டில் உலகப்போர் மூண்டதும் அது நடைமுறைக்கு வராமல் ஒத்திவைக்கப்பட்டது. இதற்கிடையே பியர்ஸ் ஐரிஷ் தொண்டர் படையிலும், மறைமுகமாக இயங்கிய குடியரசுக் கழகத்திலும் சேர்ந்தார். படையெடுத்தலே வழி என்ற முடிவுக்கு வந்தார். அம்முடிவை அவர் நண்பர் எல்லாரும் ஏற்றாரில்லை. தொண்டர் படைத்தலைவரான மக்நீல், வெற்றிக்கு வழியில்லாத போரில் இளைஞரை இறக்குதல் தகாது என்று கருதி, எழுச்சியைத் தடுத்து ஆணையிட்டார். அதனால் பலர் வரவில்லை.

எனினும் 1916 ஆம் ஆண்டு ஏப்ரல் 24 ஆம் நாள், ஈஸ்டர்த் திங்கட்கிழமையன்று எழுச்சி தொடங்கியது. தொண்டர்கள் டப்ளின் தலைமை அஞ்சல் நிலையத்தைக் கைப்பற்றினர். அதன் வாயிலில் நின்று பியர்ஸ் அயர்லாந்துக் குடியரசின் அறிக்கையைப் படித்தார். பள்ளியின் பழைய மாணவர் சிலரும் அவரோடு இருந்தனர். ஆங்கிலப் படை பெருந்திரளாக வந்தது; பீரங்கிகள் முழங்கின; நகரின் நடுப்பகுதி தீப்பற்றி எரிந்தது. அவ்வாரத்தில் ஏறக்குறைய 485 பேர் மாண்டனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் படையில் சேராத பொதுமக்கள். தெருக்களில் பொதுமக்கள் மடிவதைக் கண்ட பியர்ஸ், மேலும் உயிர்கள் அழிதல் கூடாது என்று முடிவு செய்து, 29 ஆம் நாள் சரணடைந்தார்.

இராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. சிறையிலிருந்து அவர் தம் அன்னைக்கு மடல் எழுதினார். மே 3 ஆம் நாள் விடியற்காலையில் கில்மைனம் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 36. உடன் ஆசிரியராயிருந்த மக்டோனாவும் அன்றே உயிர் துறந்தார். மறுநாள் தம்பி வில்லியமும் அவ்வாறே கொல்லப்பட்டார். இரு மைந்தரையும் இரண்டு நாளில் இழந்த அன்னையின் துயரை எவரே அளக்க வல்லார்!

எழுச்சி நடந்தபொழுது டப்ளின் மக்களுள் பலர் அதனை வெறுத்தனர். வீடிழந்தோரும் உற்றாரை இழந்தோரும் புரட்சியாளரைத் தூற்றினர். ஆனால் தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்ட செய்தி அம்மக்கள் மனத்தை மாற்றியது. 1922 ஆம் ஆண்டில் அயர்லாந்தின் பெரும்பகுதி தன்னாட்சி பெற்ற நாடாயிற்று. அன்னை மார்கரெட் நாட்டின் சட்டமன்றத்தில் உறுப்பினராய் அமர்ந்தார். மைந்தர் விட்டுச்சென்ற பள்ளி 1935 ஆம் ஆண்டு வரை நடைபெற்றது. அம்மாளிகை பின்னர் அவர் பெயரால் அருங்காட்சியகமாயிற்று.

1937 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அரசியல் சட்டம் ஐரிஷ் மொழியை நாட்டின் முதல் ஆட்சிமொழியாக்கியது. மறுஆண்டில், கேலிக் கழகத்தை நிறுவிய டக்ளஸ் ஹைட் நாட்டின் முதற்குடியரசுத் தலைவரானார். எனினும் சட்டத்தில் இடம் பெற்ற மொழி, வீட்டிலும் வீதியிலும் முழுமையாகத் திரும்பிவிடவில்லை. அதனை அன்றாடம் பேசுவோர் இன்றும் சிறுபான்மையரே. ஒரு மொழியை இழத்தல் எளிது, மீட்டல் அரிது. ஆகவேதான் பியர்ஸ் வழக்குமன்றத்தை விட்டு வகுப்பறையைத் தேர்ந்துகொண்டார்.

டப்ளினில் அவர் பிறந்த தெரு இன்று பியர்ஸ் தெரு என வழங்குகிறது. அதன் பெயர்ப்பலகையில் ஆங்கிலத்தோடு ஐரிஷ் எழுத்தும் விளங்குகிறது. அன்று ஓர் உழவரின் வண்டியில் குற்றமாகத் தோன்றிய மொழி, இன்று அந்நாட்டுத் தெருக்கள்தோறும் தலைநிமிர்ந்து நிற்கின்றது.